கோல் காப்பாளர் சிலுவை போட்ட நேரம்

எங்கள் ஊர்க் கோல் காப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். வலது கை நெற்றியில் இருந்தது. அவனுக்கு முன்னால் விசுவமடுப் பொடியன் ஒருவன் பந்தோடு வந்துகொண்டிருந்தான்.

அந்தப் பொடியனுக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்து இடமும் வலமும் பார்த்தான். எங்கள் பின்வரிசைக்காரர் எல்லோரும் தலையைக் குனிந்து நின்றார்கள். ஒருவனுடைய உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பொடியன் பந்தை உள்ளங்காலின் பக்கத்தால் மெதுவாகத் தட்டிவிட்டான். அது அவசரமில்லாமல் உருண்டு போய்க் கோட்டைத் தாண்டி, வலையைத் தொட்டு நின்றது. கோல் காப்பாளரின் கை அப்போதுதான் நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு இறங்கியிருந்தது.

நடுவர் சுகந்தினி மைதானத்தின் நடுப்பக்கம் கையை நீட்டினாள். கோல்.

நான் பார்த்த கோல்களில் இவ்வளவு பக்தியாக விழுந்த கோல் வேறில்லை. கோயில் மணி அடித்து ஓயும்வரை மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஓய்ந்த பிறகு எழும்பிய சத்தத்தில் கடற்கரைக் காகங்கள் எல்லாம் பறந்துவிட்டன.

நான் மைதானத்தின் மூலையில் தனியாக ஒரு கதிரையில் இருந்தேன். அன்றைக்கு நான் வந்தது விளையாட்டுப் பார்க்க அல்ல. விசில் வைத்திருந்த அந்தப் பிள்ளைக்குப் புள்ளி போட.

மூலைக் கதிரை

போன வாரம் என் முழங்கால் போன கதையை எழுதியிருந்தேன். வாசகர்கள் பலர் பலவிதமான எண்ணெய்களைச் சிபாரிசு செய்திருந்தார்கள். நன்றி. எல்லாவற்றையும் பூசியாயிற்று. முழங்கால் இப்போது நல்ல வாசமாக இருக்கிறது, மடங்கத்தான் மறுக்கிறது.

ஓட முடியாத நடுவருக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, வீட்டில் இருந்து மனுசியிடம் ஏச்சு வாங்குவது. மற்றது, மதிப்பீட்டாளர் ஆவது. பகலில் படகு எஞ்சின் திருத்துகிறவன் நான். பின்னேரங்களில் வீட்டில் இருந்தால் என் மனுசி றெஜினாவுக்கும் எனக்கும் ஒத்துவராது. ஆகவே மதிப்பீட்டாளர் ஆனேன்.

மதிப்பீட்டாளர் என்பவர் நடுவருக்கு நடுவர். நடுவர் எங்கே நின்றார், அங்கே நின்றால் என்ன தெரியும், என்ன தீர்ப்புக் கொடுத்தார், சனத்தை எப்படிச் சமாளித்தார் என்று பார்த்துப் புள்ளி போட வேண்டும். பிறகு சம்பந்தப்பட்டவரின் முகத்துக்கு நேரே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நடுவர் சங்கம் போக்குவரத்துச் செலவு தரும் என்று ஒரு வதந்தி உண்டு.

இந்த வேலையில் முதல் விதி, யாரிடமும் ஒன்றும் வாங்கிக் குடிக்கக் கூடாது. துணுக்காய்ப் பக்கம் ஒரு மட்சில் விளையாடுகிற பொடியன் ஒருவனின் தாய் தட்டில் கடலையும் ஒரு பிளேன்ரீயும் கொண்டுவந்து நீட்டினார். "வேண்டாமம்மா" என்றேன். "ஏன் ஐயா, சீனி வருத்தமோ?" என்று கேட்டார். சட்டத்தை விளக்குவதை விட அது சுலபமாகத் தெரிந்ததால் தலையை ஆட்டிவிட்டேன். அன்று தொடக்கம் துணுக்காயில் எனக்குச் சீனி வருத்தம். போகிற நேரமெல்லாம் பாகற்காய் கட்டித் தருகிறார்கள். அதையும் வாங்கக் கூடாது என்பது அவர்களுக்கு விளங்குவதில்லை.

இரண்டாவது விதி கொஞ்சம் கடினம். எத்தனைக்கு எத்தனை என்பதை மறந்துவிட வேண்டும். வென்றவன் நடுவரைப் பற்றிக் கதைக்கவே மாட்டான். தோற்றவன் நடுவரின் பரம்பரை முழுவதையும் இழுப்பான். இரண்டு பேருமே நடுவரைப் பார்த்திருக்க மாட்டார்கள். தொண்ணூறு வீதமான சனம் பந்தைத்தான் பார்க்கிறது. மீதிச் சனம் கைத்தொலைபேசியைப் பார்க்கிறது.

மூன்றாவது விதிதான் இந்த அத்தியாயத்தில் என்னைக் கொல்லப்போகிற விதி. கோல், தண்ட உதை, சிவப்பு அட்டை போன்ற பெரிய விசயம் ஒன்றில் தீர்ப்புத் தெளிவாகப் பிழைத்துவிட்டால், மீதி நேரம் முழுக்க நடுவர் தங்கமாக ஊதியிருந்தாலும் சித்தியடைகிற புள்ளியைப் போட முடியாது.

மணிக்கு நிற்கிற ஊர்

முல்லைத்தீவுக் கரையோரத்தில் எங்கள் ஊர் மைதானமும் கோயிலும் ஒரே வளவு என்று சொல்லலாம். உயர அடித்த பந்து பீடத்துக்குப் பின்னால் போய் விழுந்த கதைகளும் உண்டு. ஆறு மணிக்குத் திரிகால செபத்துக்கு மணி அடிக்கும். அடித்தால் ஊர் நிற்கும். வலை பொத்துகிறவர் ஊசியை வைத்துவிட்டு எழும்புவார். சைக்கிளில் போகிறவர் இறங்குவார். றெஜினா என்னை ஏசிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால் ஏச்சும் நிற்கும். செபம் முடிந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவாள்.

உதைபந்தாட்டமும் அப்படித்தான். எங்கள் ஊர் மட்சுக்கு எங்கள் கரைப்பக்க நடுவர்களே வருவார்கள். மணி கேட்டதும் விசில் அடித்து நிறுத்துவார்கள். செபம் முடிந்ததும் பந்தைக் கீழே போட்டுத் தொடங்குவார்கள். இதை ஒரு வழக்கம் என்றே நாங்கள் நினைத்ததில்லை. மூச்சு விடுவதை யாராவது வழக்கம் என்று சொல்வார்களா?

மணியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய மணி நாங்கள் இடம்பெயர்ந்து போயிருந்த காலத்தில் காணாமல் போய்விட்டது. கூரை, கதவு, யன்னல் என்று போனவற்றோடு அதுவும் போனது. திரும்பி வந்து தறப்பாளுக்குக் கீழே பூசை கண்ட நாட்களில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டி அடித்தோம். இப்போதிருக்கும் மணி பிரான்சில் இருக்கும் ஊர்க்காரர் சேர்ந்து அனுப்பியது. பழையதற்கு நல்ல கனத்த குரல். இது சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் அடிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் தூரம் கேட்கும்.

இந்த மணியை அடிப்பவர் மடுத்தீன். மனைவி இறந்தபின் கோயிலே கதியென்று இருப்பவர். அவருக்கு இந்த உலகத்தில் இரண்டு பற்றுகள். ஒன்று கோயில். மற்றது எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம். இரண்டில் எது முதலாவது என்று பங்குச் சுவாமிக்கே சந்தேகம் உண்டு. ஒருமுறை நாங்கள் அரையிறுதியில் தோற்ற மறுநாள் காலைப் பூசைக்குச் செத்தவீட்டு மணி அடித்தவர்.

ஸ்கூட்டியில் வந்த பிள்ளை

அன்றைக்குப் பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்டோரின் இறுதியாட்டம். எங்கள் ஊரும் விசுவமடுவும். வன்னியில் மதிப்பீட்டாளர் என்று இருப்பவர்களை ஒரு முச்சக்கர வண்டிக்குள் ஏற்றிவிடலாம். அன்றைக்கு வர வேண்டியவரின் மகளுக்குக் கல்யாணம். "உங்கட ஊர் விளையாடுது எண்டு தெரியும் அண்ணை, ஆனா வேற ஆளில்லை. நீங்கள் போட்டா நியாயமாத்தான் போடுவியள்" என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் சொன்னார். புகழ்ச்சிக்கு மயங்குகிற ஆள் நான். போனேன்.

சுகந்தினி துணுக்காயிலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக ஸ்கூட்டியில் வந்திருந்தாள். முகமெல்லாம் செம்மண் புழுதி. பகலில் முன்பள்ளி ஆசிரியை. அடுத்த தரத்துக்குப் போவதற்கு அவள் வரிசையாக மூன்று மட்சுகளில் சித்தியடைய வேண்டும். இரண்டில் அடைந்துவிட்டாள். இது மூன்றாவது. இதில் தவறினால் முன்னைய இரண்டும் செல்லாது. முதலில் இருந்து தொடங்க வேண்டும். அடுத்த தரத்துக்குப் போனால்தான் வன்னிக்கு வெளியே பெரிய மட்சுகள் கிடைக்கும். அதற்காகத்தான் அவள் இவ்வளவு காலமும் புழுதி தின்றுகொண்டிருந்தாள்.

இதைப் பார்த்து எங்கள் சனம் சொன்னது: "பொம்பிளைப் பிள்ளையோ ஊதப்போகுது?"

நாணயம் சுண்டுவதற்கு முன் இரண்டு அணித் தலைவர்களையும் கூப்பிட்டு அவள் கேட்டது என் காதில் விழுந்தது. "இந்தக் கிறவுண்டிலை நான் அறிஞ்சு வைக்க வேண்டியது ஏதும் இருக்கோ தம்பியவை?" எங்கள் தலைவன் யோசித்தான். "அங்கால் மூலையிலை ஒரு கிடங்கு இருக்கு அக்கா, கால் புதையும்" என்றான். மணியைப் பற்றி அவன் சொல்லவில்லை. எனக்கும் அப்போது அது நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்திருந்தாலும் வாய் திறக்க எனக்கு அனுமதி இல்லை.

வழமையாக மட்ச் மணிக்கு முன்பே முடிந்துவிடும். அன்றைக்குப் பிரதம விருந்தினர் பிந்தினார். எல்லோரும் மாலையை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். கடைசியில் "தொடங்குங்கோ, வந்துகொண்டிருக்கிறன்" என்று அவரிடமிருந்து செய்தி வந்தது. வந்துகொண்டிருக்கிறேன் என்பதற்கு எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம்.

சுகந்தினி நன்றாகவே ஊதினாள். ஒரு தீர்ப்புக்கு இரண்டு பக்கமும் சூழ்ந்துகொண்டு கத்தியபோது அட்டையை எடுக்கவில்லை. "கை ரெண்டையும் பின்னாலை கட்டுங்கோ" என்றாள், முன்பள்ளிக் குரலில். மீசை அரும்பிய தடியன்கள் எல்லோரும் தங்களை அறியாமல் கையைப் பின்னால் கட்டினார்கள். கதிரையில் இருந்து நான் தனியாகச் சிரித்தேன்.

எல்லோரும் அங்கால் பார்த்தபோது

முதல் பாதி முடிகிற நேரம் பிரதம விருந்தினரின் வாகனம் வந்தது. பட்டாசு வெடித்தது. பறை அடித்தது. முழுச் சனமும் வாசல் பக்கம் திரும்பியது. எங்கள் பயிற்றுநர் மாலையோடு ஓடினார். எங்கள் கழகத் தலைவர் யேசுதாசன், றெஜினாவின் தமையன், என் மச்சான், வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவருக்குப் பின்னால் ஓடினார். கோட்டோரத்தில் கொடி பிடித்த உதவி நடுவர்கூடத் தலையைத் திருப்பி, வந்தவர் யார் என்று பார்த்தார்.

அந்த நேரம் விசுவமடுவின் கோலுக்கு முன்னால் ஒரு நெரிசல். எங்கள் பொடியன் தலையால் இடித்த பந்து உள்ளே போக வேண்டியது. விசுவமடுப் பின்வரிசைக்காரன் ஒருவன் வலது கையை நீட்டி அதைத் தள்ளிவிட்டான். தவறுதலாகப் பட்டதல்ல. பேருந்தில் இடம் பிடிக்கிற மாதிரி நீட்டித் தள்ளினான். இடித்த பொடியன் குப்புற விழுந்து கிடந்தான், பார்க்கவில்லை.

சுகந்தினியும் பார்க்கவில்லை. அவள் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். அவளுக்கும் பந்துக்கும் இடையில் ஐந்தாறு முதுகுகள். பந்தோடு ஓடிப் பக்கவாட்டுக்கு வந்திருந்தால் கண்ணுக்கு நேரே தெரிந்திருக்கும். தண்ட உதை, கையை நீட்டியவனுக்குச் சிவப்பு அட்டை. ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டம் தொடர்ந்தது.

பார்த்தது நான் ஒருவன் மட்டும். பிரதம விருந்தினரைப் பார்ப்பதில் எனக்கு எப்போதுமே ஆர்வம் இருந்ததில்லை.

ஆறு மணிக்கு முன்னால் ஆறு மணி

இரண்டாம் பாதி கடைசிக் கட்டம். இன்னும் கோல் இல்லை. இப்படியே முடிந்தால் தண்ட உதைகளில் தீர்மானிப்பார்கள், அதில் எங்கள் கோல் காப்பாளர் புலி. ஊர் சந்தோசமாக இருந்தது. அப்போது விசுவமடுவின் நெட்டைப் பொடியன் ஒருவன் எங்கள் பின்வரிசையை வெட்டிக்கொண்டு நடுவால் புறப்பட்டான். முன்னால் கோல் காப்பாளர் மட்டும்.

மணி அடித்தது.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். மதிப்பீட்டாளருக்கு அது பழக்கதோசம். ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. திரும்பி மணிக்கூண்டைப் பார்த்தேன். மடுத்தீன் கயிற்றில் தொங்காத குறையாக அடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கண் வானத்தையோ மணிக்கூட்டையோ பார்க்கவில்லை. அந்த நெட்டைப் பொடியனைப் பார்த்தது.

ஆட்டத்தை நிறுத்தி ஊரைக் காப்பாற்றத்தான் அவர் அடித்தார். பாவம், ஒரு விசயத்தை மறந்துவிட்டார். மணிக்கு நிற்கிறவர்கள் எங்கள் பொடியன்கள் மட்டும்தான். விசுவமடுப் பொடியன்கள் வயல்காரப் பிள்ளைகள், சைவக்காரர். அவர்களுக்கு அது யாரோ எங்கேயோ அடிக்கிற மணி. நடுவரோ துணுக்காய்ப் பிள்ளை. மீதியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

சனம் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தது. முன்னால் மச்சான் யேசுதாசன். சுகந்தினி பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடு வட்டத்தில் அசையாமல் நின்றாள்.

"மணி அடிச்சதக்கா!" என்றான் எங்கள் தலைவன், கிட்டத்தட்ட அழுதபடி.

"கேட்டது தம்பி. நான் விசில் அடிக்கேல்லையே."

"மணி அடிச்சா நிப்பாட்ட வேணும் பிள்ளை! உனக்கு வேதம் தெரியாதோ?" என்று மச்சான் பாய்ந்தார்.

"ஐயா, நீங்கள் கோட்டுக்கு வெளியிலை நிண்டும் கோவிக்கலாம். கோட்டுக்கு உள்ளை நிண்டா நான் மட்சை முடிக்க வேண்டி வரும். அப்ப உங்கட பொடியளுக்கு மிச்ச நேரமும் இல்லாமல் போகும்."

குரல் உயரவில்லை. மச்சான் வெளியே நடந்தார். என் தங்கை கல்யாணத்தில் சண்டை பிடித்தபோதுகூட யாரும் அவரை அப்படி வெளியே அனுப்பியதில்லை. அந்தக் கட்டத்துக்கு நான் மனதுக்குள் முழுப் புள்ளியும் போட்டேன். மிச்ச நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. விசுவமடு வென்றது.

மச்சான் நேரே என் மூலைக்கு வந்தார். அவர் சட்டம் படித்த ஆள் இல்லை, ஆனால் தேவைக்கேற்ற அளவு கேள்விப்பட்டிருப்பார். "பாக்க வந்த சனத்திலை ஒருத்தன் விசில் அடிச்சுக் குழப்பினா ஆட்டத்தை நிப்பாட்டலாம் எண்டு சட்டத்திலை இருக்கோ இல்லையோ?"

"இருக்கு மச்சான். அது றெவ்றியின்ரை விசில் எண்டு பொடியள் ஏமாந்தா. உங்கட பொடியள் றெவ்றி நிப்பாட்டினவ எண்டு நினைச்சோ நிண்டவங்கள்? கடவுளுக்காக நிண்டவங்கள். கடவுளுக்காக நிண்டு கோல் வாங்கினா, முறைப்பாட்டைக் கடவுளிட்டைத்தான் குடுக்க வேணும்."

"நீ கோயிலுக்குப் போற வேதக்காரனோடா?" என்றார். "புள்ளி போடுற நேரம் உன்ரை ஊரை நினைச்சுப் போடு. அவள் மேலை போகக் கூடாது."

ஸ்கூட்டிக்குப் பக்கத்தில்

கோயில் மண்டபத்தின் பின்புறம், ஸ்கூட்டியில் சாய்ந்தபடி சுகந்தினி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. எந்தப் பயங்கரமான கட்டத்தைத் தாண்டினோம் என்று அவளுக்குத் தெரியும்.

"மணிக் கோல் சரி பிள்ளை. சனத்தை நீ கையாண்ட விதம், நான்கூட அப்பிடிச் செய்திருக்க மாட்டன்" என்றேன். அது உண்மை.

சிரித்தாள். "நெஞ்சு பக்குப் பக்கெண்டது சேர். வெளியிலை காட்டேல்லை."

பிறகு நான் மற்றதைச் சொன்னேன். அவள் சிரிப்பு உடனே போகவில்லை. என்ன சொல்கிறேன் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"கையோ? எந்தக் கை?"

எங்கே நின்றாள், எங்கே நின்றிருக்க வேண்டும், எந்தப் பொடியன், எந்தக் கை என்று மண்ணில் ஈர்க்கால் கீறிக் காட்டினேன். குனிந்து அதையே பார்த்தாள். அந்த நேரம் நின்ற இடம் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"ஓம் சேர். நான் பின்னுக்கு நிண்டிட்டன்." பிறகு கேட்டாள், "அதை வேறை ஆர் பாத்தது?"

"ஒருத்தரும் இல்லை. நான் மட்டும்."

அதை விட்டுவிடச் சொல்லி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபித்துக்கொண்டு முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் தலைக்கவசத்தைப் போட்டாள், வார் பொருந்தவில்லை, திரும்பவும் போட்டாள். "சரி சேர், இருட்ட முதல் போகோணும்" என்றாள். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஒரே களவு

மறுநாள் காலை எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டு வேலை ஓடாமல் இருந்தேன். றெஜினா கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு மணிக்காகப் புள்ளி வெட்டப் போறீங்களோ? அண்ணை சொன்னவர் எண்டு."

"இல்லை." கையால் பந்தைத் தள்ளிய கதையைச் சொன்னேன்.

"ஒருத்தரும் காணேல்லையெண்டா நடக்கேல்லை எண்டு விடுங்கோவன். அந்தப் பிள்ளை எவ்வளவு தூரத்தாலை வந்தது."

"நான் கண்டனான் தானே."

"நீங்கள் காண வேண்டியதுகளைக் காணுறேல்லை. அரிசி முடிஞ்சு நேற்றோடை ரெண்டு நாள்" என்றுவிட்டு உள்ளே போனாள்.

நான் நன்றாக யோசித்தேன். மச்சான் மணிக்காகப் புள்ளியைக் குறைக்கச் சொல்கிறார். நான் மணிக்காகப் புள்ளியைக் கூட்டப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளை ஊர் முழுவதையும் எதிர்த்து நின்றாள் என்பதற்காகக் கையை மறைக்கப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே களவுதான், என்னுடையது கொஞ்சம் குளித்து, உடுத்து வெளிக்கிட்ட களவு. தண்ட உதையைத் தவறவிட்ட நடுவருக்கு எந்த ஊராக இருந்தாலும், எந்தப் பிள்ளையாக இருந்தாலும் என்ன போடுவேனோ அதைப் போட்டேன். மணிக் கோலுக்கு முழுப் புள்ளி. சனத்தைக் கையாண்டதற்கு முழுப் புள்ளி. மொத்தத்தில் சித்தியில்லை.

அனுப்பிவிட்டு அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை.

நண்டுக் கறி

சித்தியில்லை என்ற செய்தி எப்படியோ ஊருக்கு வந்துவிட்டது. ஏன் என்பது மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் வீட்டில் விருந்து. நண்டுக் கறி, புட்டு, கழகக்காரர் எல்லோரும். எனக்கு நடுக் கதிரை.

"நான் சொன்னனான் தானே, இவன் எங்கட ஆள்" என்று மச்சான் என் முதுகில் தட்டினார். "மணியை மதிக்காதவளுக்கு நல்ல பாடம்."

அந்தத் தட்டுத்தான் தாங்க முடியவில்லை. நண்டுக் காலைத் தட்டில் வைத்தேன்.

"மணிக் கோலுக்கு அவளுக்கு முழுப் புள்ளி போட்டனான்" என்றேன். "அந்தப் பிள்ளையை மாதிரி ஊதின ஆளை இந்த மைதானத்திலை நான் கண்டதில்லை. அவள் தவறினது வேறை ஒண்டாலை. முதல் பாதியிலை உங்களுக்கு வர வேண்டிய தண்ட உதையை அவள் காணேல்லை. நீங்களும் ஒருத்தரும் காணேல்லை. எல்லாரும் பிரதம விருந்தினருக்கு மாலை போட்டுக்கொண்டு நிண்டனீங்கள்."

ஒரே இரைச்சல். நியாயம் விளங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். "அப்ப எங்களுக்குத் தண்ட உதை இருந்ததோ!" என்று பயிற்றுநர் எழும்பினார். மட்சைத் திருப்பி வைக்க வேண்டும் என்றார் ஒருவர். பிரதம விருந்தினரை இனிக் கூப்பிடக் கூடாது என்றார் இன்னொருவர். அவரை யார் கூப்பிட்டது என்று கேள்வி எழ, எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள்.

அது வரைக்கும் மூலையில் தலை நிமிராமல் இருந்த மடுத்தீனின் முகம் மலர்ந்தது. அன்று தொடக்கம் மனுசன் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை போல. "அப்ப நாங்கள் மணியாலை தோக்கேல்லை!" என்றார், எல்லோருக்கும் கேட்கக்கூடியதாக.

இப்போது எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தன் தட்டில் இருந்த நண்டைப் பார்த்தார். நேரத்துக்கு முந்தி அடித்தது ஊர் முழுக்கத் தெரியும். ஊர் முழுக்கத் தெரிந்ததை எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. "புட்டு இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்றார் யாரோ.

மச்சான் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை. சில மாதங்கள் என்னோடு கதைக்கவும் இல்லை. அவருடைய படகு எஞ்சின் திருத்திக் கிடைக்கிற காசு இல்லாமல் போனதுதான் எனக்கு நட்டம். அந்த நாட்களில் எனக்கு உறைத்தது வேறு. சுகந்தினி பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. விசிலை வீசிவிட்டாள் என்று துணுக்காய்க்காரர் ஒருவர் சொன்னார். அதைக் கேட்ட பிறகு நான் இரண்டு மட்சுக்கு மதிப்பீட்டுக்குப் போகவில்லை. முழங்காலைச் சாட்டினேன்.

தொலைபேசி

ஒருநாள் காலை, கை இரண்டும் எண்ணெய். தொலைபேசி அடித்தது. றெஜினா எடுத்து என் காதில் வைத்தாள்.

"சேர், துணுக்காய்ச் சுகந்தினி கதைக்கிறன்."

"சொல்லு பிள்ளை" என்றேன்.

"முதல்லை இருந்து தொடங்கிறன் சேர். வாற கிழமை கிளிநொச்சியிலை முதல் மட்ச். மதிப்பீட்டுக்கு உங்களை அனுப்பினா ஏதும் ஆட்சேபனை இருக்கோ எண்டு செயலாளர் கேட்டவர்."

"ஆட்சேபனை சொல்லு பிள்ளை, நான் குறை நினைக்க மாட்டன். வேறை ஆளை விடச் சொல்லு."

"இல்லை சேர். நீங்கள்தான் வர வேணும் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன்?"

அவள் யோசிக்கவில்லை. முன்பே யோசித்து வைத்திருந்திருக்கிறாள்.

"அவ்வளவு சனத்திலை ஒருத்தரும் காணாத பிழையை நீங்கள் கண்டனீங்கள். நான் நல்லாச் செய்யிறதை ஒருத்தரும் காணாட்டிலும், நீங்கள் காணுவீங்கள் தானே."

வாறன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் றெஜினா தொலைபேசியைத் தன் காதுக்கு எடுத்து, "வருவார் பிள்ளை" என்றாள்.